ஏழு பேர் வண்டி: கடைசி வரிசையிலிருந்து தொடங்கும் கணக்கு

செட்டிநாட்டு வீடுகளில் ஏழு பேர் வண்டிப் பேச்சு பெரும்பாலும் ஆள் சேரும் நாள்களை நினைத்துத்தான் கிளம்புகிறது: படைப்பு (முன்னோருக்குப் படையலிடும் நாள்), கும்பாபிஷேகம், கல்யாணம், தைப்பூசப் பாதயாத்திரைக்குப் பின்னால் போகும் வண்டி. அந்தப் பேச்சில் இப்போது வரிக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. அடுக்குகள் மாறின. எது எஸ்யூவி, எதற்கு 18 சதவீதம், எதற்கு 40 சதவீதம், எதில் உண்மையிலேயே ஏழு பேர் உட்காரலாம் என்ற கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தால்தான் எந்த வண்டி என்ற கேள்விக்கே வர முடியும்.

எஸ்யூவி என்பது யார் வைத்த பெயர்?

பழைய வரி முறையில் எஸ்யூவி என்ற சொல்லுக்குச் சட்டப் பொருள் இருந்தது. நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், எஞ்சின் 1,500 சிசிக்கு மேல், ஆள் ஏறாத நிலையில் தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்ற மூன்றும் சேர்ந்தால் 28 சதவீத ஜி.எஸ்.டி.யோடு செஸ் என்ற கூடுதல் வரி 22 சதவீதம் விழுந்தது. மொத்தம் 50 சதவீதம். புதிய முறையில் செஸ் போய்விட்டது. சிறிய கார் என்றால் 18, மற்றதெல்லாம் 40. மின்சார வண்டிக்குப் பழையபடி 5. ஆகவே வரி பில்லைப் பொறுத்தவரை எஸ்யூவி என்ற பெயருக்கு இனி வேலையில்லை.

மிச்சமிருப்பது விற்பனைப் பெயர். உயரமான முகப்பு, பெரிய சக்கரம், சக்கர வளைவைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் இருந்தாலே அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். வாங்குபவருக்கு உபயோகமான பிரிவு வேறு.

1. லேடர் ஃபிரேம் வண்டி: ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் கூண்டை ஏற்றி வைத்தது. ஸ்கார்பியோ என், ஃபார்ச்சூனர், பொலீரோ, இன்னோவா க்ரிஸ்டா இந்த வகை. கரடுமுரடான பாதையையும் சுமையையும் தாங்கும். தரைத்தளம் உயரம், எடை அதிகம்.

2. மோனோகாக் வண்டி: கூண்டே சட்டமாகவும் இருப்பது. எக்ஸ்யூவி 700, சஃபாரி, அல்கசார், இன்னோவா ஹைகிராஸ், கேரன்ஸ், எர்டிகா எல்லாம் இதில் வரும். தரைத்தளம் தாழ்வு, ஓட்டம் மென்மை.

3. எம்பிவி என்பது இவற்றுக்குக் குறுக்கே போகும் பிரிவு. ஆள் ஏற்றுவதை முதல் வேலையாக வைத்து வடிவமைத்தது. இன்னோவா, எர்டிகா, கேரன்ஸ், ட்ரைபர் இந்தக் குடும்பம். கூரை பின்பக்கம் வரை சரியாமல் போகும், கதவு பெரிதாகத் திறக்கும்.

விளம்பரத்தில் மலை ஏறுகிற வண்டி நம் ஊரில் ஏறுவது பெரும்பாலும் வேகத்தடை மட்டும்தான். எஸ்யூவி வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவது எம்பிவி என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. ஏன் என்பது மூன்றாம் வரிசையைப் பிரித்துப் பார்க்கும்போது விளங்கும். அதற்குமுன் பணக் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

விலையைத் தூக்கும் மூன்று கோடுகள்

1. 4 மீட்டர் கோடு. 4,000 மி.மீ. நீளத்துக்குள் இருந்து, பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள்ளும் டீசல் என்றால் 1,500 சிசிக்குள்ளும் எஞ்சின் இருந்தால்தான் 18 சதவீதம். ஏழு பேர் வண்டிகளில் இதற்குள் அடங்குபவை மிகக் குறைவு. ட்ரைபர் 3,990 மி.மீ., பொலீரோ 3,995 மி.மீ. என்று இரண்டுமே கோட்டை ஒட்டி நிறுத்திய அளவுகள். எர்டிகாவின் நீளம் 4,395 மி.மீ. அது 40 சதவீதத்தில் விழுகிறது. முன்பு அதற்கு 45 என்பதால் சுமை குறைந்ததே தவிரக் கூடவில்லை.

2. 10 லட்சம், 20 லட்சம் கோடுகள். வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரி, தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தியபடி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி போல மிச்சத் தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று நினைத்துவிடக் கூடாது. முழு விலைக்கும் அந்த விகிதம்தான். விலை 9,90,000 என்றால் வரி 1,28,700. விலை 10,10,000 என்றால் 1,81,800. விலையில் 20,000 கூடினால் வரியில் 53,100 கூடுகிறது. கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் வேரியண்டை (ஒரே வண்டியின் வசதிக்கேற்ற விலைப்படியை) வாங்குமுன் ஒரு படி கீழே உள்ளதையும் விலை கேட்டுப் பார்ப்பது இதனால்தான்.

3. 1,500 சிசி கோடு. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். புது வண்டிக்கு மூன்றாண்டுக் கட்டணத்தைச் சேர்த்தே கட்ட வேண்டும் என்பதால் 10,640-க்கும் 24,596-க்குமான வித்தியாசம் முதல் நாளே பில்லில் தெரியும்.

மூன்றாம் வரிசை: கணக்கு இங்கேதான் இருக்கிறது

முன் இரண்டு இருக்கைகளும் எல்லா வண்டியிலும் வசதிதான். இரண்டாம் வரிசையில் வித்தியாசம் கொஞ்சம். ஒரு வண்டியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது கடைசி வரிசை. அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை முதலில் பெயர் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். எட்டு வயதுப் பேரனா, கல்லூரிப் பையன்களா, இல்லை ஐயாவும் அப்பத்தாவும் நடுவில் உட்கார்ந்தபின் மிஞ்சும் சித்தப்பாவா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

தரைக்கும் மெத்தைக்கும் உள்ள உயரம். லேடர் ஃபிரேம் வண்டியில் சட்டமும் பின் அச்சும் தரைத்தளத்துக்கு அடியில் இடம் பிடித்துக்கொள்கின்றன. கூரையை ஓரளவுக்கு மேல் உயர்த்த முடியாது. எனவே கடைசி மெத்தையைத் தரைத்தளத்தோடு ஒட்டிப் போடுகிறார்கள். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுப் பக்கம் வருகிறது, தொடைக்கு அடியில் தாங்கல் இல்லை. அரை மணி நேரம் தெரியாது. காரைக்குடியிலிருந்து சென்னைக்கு 400 கி.மீ.க்கு மேல் போகும்போது விழுப்புரம் தாண்டுமுன் இடுப்பு பேசத் தொடங்கிவிடும். வளர்ந்த ஆள் உட்கார்ந்ததும் தொடை மெத்தையில் படிகிறதா, மெத்தைக்கும் தொடைக்கும் நடுவில் உள்ளங்கை நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அது பிள்ளைகளுக்கான இருக்கை.

பின் அச்சின் மேலே உட்காருவது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் இருக்கை பள்ளத்தில் குறைவாகவே ஆடும். பின் அச்சின் மேலேயோ அதற்குப் பின்னாலேயோ இருப்பது நெம்புகோலின் நுனி மாதிரி எகிறும். அதோடு சிறிய சன்னல், முன்னே உயர்ந்து நிற்கும் இருக்கை முதுகு இரண்டும் சேர்ந்து வெளியே பார்வை போகாமல் மறைக்கும். உடம்பு ஆடுகிறது, கண்ணுக்கு ஆட்டம் தெரியவில்லை என்ற முரண்தான் தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் காரணம். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போது பின் வரிசைப் பிள்ளைகள் முதலில் மயங்குவது இதனால்தான். வீல்பேஸ், அதாவது இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் கூடினால் கடைசி வரிசைக்கு இடமும் கூடும், ஆட்டமும் கொஞ்சம் குறையும். ஹைகிராஸில் அது 2,850 மி.மீ., கேரன்ஸில் 2,780, எக்ஸ்யூவி 700-இல் 2,750, எர்டிகாவில் 2,740, ட்ரைபரில் 2,636. 4.4 மீட்டர் நீளமுள்ள எர்டிகாவும் கிட்டத்தட்ட 4.7 மீட்டர் உள்ள எக்ஸ்யூவி 700-உம் வீல்பேஸில் 10 மி.மீ. தான் விலகுகின்றன. நீளமான வண்டி என்றால் உள்ளே இடம் கூடுதல் என்ற நினைப்பு இந்த இடத்தில் அடிபடுகிறது. கூடுதல் நீளத்தை மூக்கும் வாலும் எடுத்துக்கொள்கின்றன.

ஏறும் வழி. இரண்டாம் வரிசை இரு வகை. மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் ஒன்று. நடுவில் வழிவிட்டுத் தனித்தனியாக இருக்கும் கேப்டன் சீட் மற்றொன்று. கேப்டன் சீட் போட்டால் மொத்தம் ஆறு பேர்தான். ஏழு பேர் என்று கிளம்பி ஆறு இருக்கை வண்டியோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் சேலை கட்டியவர் பின்னுக்குப் போவது கேப்டன் சீட்டுக்கு நடுவில்தான் எளிது. பெஞ்ச் என்றால் இருக்கையை மடக்கி முன்னே கவிழ்த்தால்தான் வழி. அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, இடப்பக்க இருக்கை கவிழ்கிறதா. நம் ஊரில் இடது ஓரத்தில்தான் வண்டி நிற்கும், வலப்பக்கம் இறங்கினால் நடுரோடு. இரண்டு, அதை ஒரு கையால் தள்ள முடிகிறதா. மூன்று, குழந்தை இருக்கையை அதே பக்கத்தில் மாட்டினால் கவிழ்ப்பதே முடியாது, பின்வழி அடைபட்டுவிடும். குழந்தை இருக்கை வலப்பக்கம் என்பதே நடைமுறை.

பெரியவர்கள் நடுவரிசையில்தான் உட்கார்வார்கள். அவர்களுக்கு உகந்த மெத்தை உயரம், பக்கத்தில் நின்றால் முழங்காலுக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் இருக்க வேண்டும். கீழே குனிந்து விழவும் கூடாது, மேலே தொற்றி ஏறவும் கூடாது. ஆச்சிமார் சிலர் ஃபார்ச்சூனரில் ஏறுவதற்கு முக்காலி போடுகிற நிலை வண்டியின் குறை இல்லை, தேர்வின் குறை. பக்கவாட்டுப் படிக்கட்டு பொருத்தலாம். மழையில் வழுக்காத ரப்பர் முகப்பும், பாதம் முழுக்கப் பதியும் அகலமும் அதற்கு வேண்டும்.

காற்று. மூன்றாம் வரிசைக்கு ஏசி உண்டு என்று கையேட்டில் போட்டிருந்தால் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். முன்பக்கக் குளிர்காற்றையே குழாய் வழியாகப் பின்னுக்கு அனுப்புவது. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிப் பின்னுக்கு ஊதும் வெறும் மின்விசிறி. இன்னோவா க்ரிஸ்டாவில் உள்ளதுபோலப் பின்பகுதிக்கென்று தனியாகக் குளிரூட்டும் சுருள். மூன்றாவதுதான் சித்திரை வெயிலுக்குத் தாங்கும். இரண்டாவது வகையில் முன்னால் குளிர்ந்த பிறகுதான் பின்னால் குளிரும். சன்ரூஃப் கண்ணாடி பெரிதாக உள்ள வேரியண்டில் வெப்பமும் கூடுதலாக இறங்கும். மூடும் திரை துணியா தடித்த பலகையா என்று தொட்டுப் பாருங்கள்.

பெல்ட்டும் திசையும். பொலீரோ நியோ போன்ற 4 மீட்டர் வண்டிகளில் கடைசி இருக்கை பக்கவாட்டில் எதிரெதிராக அமையும். அதை அவசரத்துக்கு உட்காரும் இடமாக எண்ணலாம், தினசரி இருக்கையாக எண்ணக் கூடாது. மோதலில் உடல் பக்கவாட்டாக வீசப்படும், அதைத் தாங்கும் பிடிப்பு இல்லை. முன்னோக்கிய பின் இருக்கைகளில் பெல்ட் போடாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்பது சட்டத்தில் இருக்கிறது, கடைசி வரிசைக்கும் அது பொருந்தும்.

ஏழு பேரும் ஏறினால் சாமான் எங்கே?

கையேட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் பூட் (பின்பக்கச் சாமான் இடம்) அளவு பெரும்பாலும் கடைசி வரிசையை மடக்கியது. விரித்த நிலையில் நிலவரம் வேறு. ட்ரைபர் 84 லிட்டர், சஃபாரி 73, அல்கசார் 180, எர்டிகா 209, கேரன்ஸ் 216, ஹைகிராஸ் 300. ஒரு பெரிய டிராலி பெட்டி படுக்க 80 முதல் 100 லிட்டர் வேண்டும். அதாவது சஃபாரியில் ஏழு பேர் போனால் ஆளுக்கொரு கைப்பை போகும், பெட்டி போகாது. சீர் சாமானோ, மனகோலமும் அதிரசமும் அடைத்த தகர டின்களோ ஏற்றுகிற வீடு, ஐந்து பேர் போக இரண்டு இருக்கையை மடக்கும் கணக்கில்தான் இந்த வண்டிகளை எடுக்க வேண்டும். அதற்கு 50:50 என்று தனித்தனியாக மடங்கும் கடைசி வரிசை உதவும். ஒன்றில் ஆள், ஒன்றில் அண்டா.

சிஎன்ஜி வேரியண்டில் சிலிண்டர் பூட்டில்தான் உட்காரும். எர்டிகா சிஎன்ஜியில் ஏழு இருக்கையும் இருக்கும், சாமான் இடம் இருக்காது.

கூரை கேரியர் போட்டுக்கொள்ளலாம் என்பது உடனே வரும் பதில். கூரை தாங்கும் எடை பெரும்பாலான வண்டிகளில் கேரியரையும் சேர்த்து 50 முதல் 75 கிலோதான். இரண்டு டின் நிறைய அரிசியும் ஒரு பெரிய அண்டாவும் அதைத் தொட்டுவிடும். உயரத்தில் எடை ஏறினால் வளைவில் வண்டி சாயும்.

கார் கொட்டகையை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்

செட்டிநாட்டுத் தெருக்கள் அகலமானவை, வீட்டு முகப்பில் நிறுத்த இடம் உண்டு. சிக்கல், பின்வாசல் பக்கமோ பக்கச் சந்திலோ அம்பாசிடர் காலத்தில் கட்டிய கொட்டகையில் வருகிறது. அம்பாசிடரின் அகலம் 1,662 மி.மீ., நீளம் 4,325 மி.மீ. இன்றைய வண்டிகளின் அகலம் கண்ணாடி சேர்க்காமலே இவ்வளவு: எர்டிகா 1,735, கேரன்ஸும் அல்கசாரும் 1,800, க்ரிஸ்டா 1,830, ஹைகிராஸ் 1,850, எக்ஸ்யூவி 700 1,890, ஸ்கார்பியோ என் 1,917, சஃபாரி 1,922. பக்கக் கண்ணாடிகளை விரித்தால் சுமார் 20 செ.மீ. கூடும்.

8 அடி அகலக் கொட்டகை என்பது 2.44 மீட்டர். அதில் சஃபாரியை நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் 26 செ.மீ. மிஞ்சும். கதவைத் திறந்து ஓட்டுநர் வெளியே வரவே முடியாது. எர்டிகாவை இடச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் வலப்பக்கம் 60 செ.மீ. கிடைக்கும், ஆள் நழுவி இறங்கலாம். ஆழம் 16 அடி என்றால் 4.88 மீட்டர். 4,755 மி.மீ. நீள ஹைகிராஸ் நுழையும், ஆனால் பின்கதவு மேலே தூக்கித் திறக்க முக்கால் மீட்டராவது பின்னால் வேண்டும். சாமானை வெளியில் எடுத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். வாசல் நிலையின் உயரம், சந்து திரும்பும் இடத்தின் அகலம், கருங்கல் படியின் விளிம்பு மூன்றையும் சேர்த்து அளந்து குறித்துக்கொண்டு போங்கள். கொட்டகையை இடித்துக் கட்டும் செலவும் வண்டி விலையில் சேர்ந்ததுதான்.

எடை ஏறும்போது தரை நெருங்கும்

தரை இடைவெளி எண் ஆள் ஏறாத வண்டியில் அளந்தது. ஏழு பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 455 கிலோ. சாமான் 80 கிலோ. மொத்தம் 535. ஸ்பிரிங் அமுங்கி பின்பக்கம் 3 முதல் 5 செ.மீ. வரை தாழும். 180 மி.மீ. என்று சொன்ன வண்டி கிராமத்து வேகத்தடையில் அடி தட்டுவது இதனால்தான்.

வண்டி தாங்கும் சுமையைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. மொத்த அனுமதி எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழியுங்கள். எடுத்துக்காட்டாக மொத்தம் 2,350, வெறும் எடை 1,800 என்றால் 550 கிலோ. மேலே போட்ட 535 அதற்குள் நூலிழையில் அடங்குகிறது. கூரை மேல் ஒரு மூட்டை வைத்தால் தாண்டிவிடும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் டயர் காற்றுக்கு இரண்டு எண்கள் இருக்கும், குறைந்த சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. முழு ஆள் ஏற்றும் நாளில் இரண்டாவது எண்ணுக்குக் காற்றடிக்காமல் 100 கி.மீ. வேகத்தில் போனால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும். கோடையில் நீண்ட பயணத்தில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்கு சக்கர இயக்கம் இந்த வட்டாரத்தில் யாருக்கும் தேவைப்படுவது அரிது. ஐப்பசி மழையில் செம்மண் பாதையும் கண்மாய்க் கரையும் வழுக்கும். அதற்கு நல்ல டயர் போதும்.

நிற்கும் வண்டிக்கு எந்த எஞ்சின்?

வீட்டார் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்து, வண்டி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ மாதக்கணக்கில் நிற்பது இங்கே சகஜம். ஊரில் இருப்பவர்களும் கல்லுக்கட்டி, செக்காலை என்று இரண்டு மூன்று கி.மீ. தான் தினமும் ஓட்டுவார்கள். எஞ்சின் தேர்வை இந்தப் பழக்கம்தான் முடிவு செய்ய வேண்டும்.

டீசல்: பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்து, புகைக் குழாயின் சூடு 600 டிகிரிக்கு அருகே ஏறும்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு 60 கி.மீ.க்குக் குறையாத வேகத்தில் 15 முதல் 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். கடைவீதிக்கே போய் வந்தால் அந்தச் சூடு வராது. கரி நிரம்பி விளக்கு எரியும், பிறகு எஞ்சின் வலுக் குறையும். சுத்தம் செய்யும் முயற்சி பாதியில் நின்றுகொண்டே இருந்தால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் அதுதான் அறிகுறி. விளக்கு எரிந்த அன்றே எஞ்சினை அணைக்காமல் திருச்சி ரோட்டில் திருமயம் வரை போய்த் திரும்பினால் பெரும்பாலும் சரியாகும். பெரிய டீசல்களில் பலவற்றுக்கு 32.5 சதவீத யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். வெயிலில் அது நாள்பட்டுக் கெடும். ஆண்டுக்கு 15,000 கி.மீ.க்கு மேல், அதுவும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கே டீசல்.

பெட்ரோல்: நிற்கும் வண்டிக்குப் பொருத்தம் இதுதான். ஆனால் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். டேங்க் பாதியாகக் காலியாக இருந்து மாதக்கணக்கில் நின்றால் உள்ளே ஈரக்காற்று சேரும். நிறுத்துமுன் டேங்கை நிரப்பிவிடுவது நல்லது.

ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது): ஹைகிராஸ் ஹைபிரிட் ஊருக்குள் சிக்கனம், டிபிஎஃப் தொல்லை இல்லை. நின்றால் அதன் 12 வோல்ட் பேட்டரியும் மற்றவை போலவே இறங்கும்.

மின்சாரம்: கேரன்ஸ் க்ளாவிஸ் ஈவி, எக்ஸ்இவி 9எஸ் என மூன்று வரிசையிலும் வந்துவிட்டது. நீண்ட நாள் நிறுத்தும்போது முழு சார்ஜில் விடாமல் பாதியளவில் விட வேண்டும்.

எந்த வகையானாலும், மூன்று வாரத்துக்கு மேல் நிற்குமானால் டயர் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்து, வாரம் ஒருமுறை அரை மணி ஓட்ட ஆள் வைக்க வேண்டும், ஆள் கிடைக்காவிட்டால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்க வேண்டும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பேட்டரியை நிரப்பாது, டிபிஎஃபில் கரியைத்தான் சேர்க்கும். செம்மண் தூசியால் ஏர் ஃபில்டரும் கேபின் ஃபில்டரும் சீக்கிரம் அடையும். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றித் தட்டிப் பாருங்கள்.

நட்சத்திரம் எதைச் சொல்கிறது?

வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் ஓரமாக மோதவிட்டு, முன் இருக்கையில் பெரியவர் பொம்மையும் இரண்டாம் வரிசையில் 18 மாத, 3 வயதுக் குழந்தைப் பொம்மைகளும் வைத்து அளக்கிறார்கள். கடைசி வரிசையில் பொம்மை இல்லை. எனவே 5 நட்சத்திரம் என்பது கடைசி வரிசைக்கும் 5 நட்சத்திரம் என்று பொருளாகாது.

பெரியவர், குழந்தை இரண்டுக்கும் தனி மதிப்பெண் உண்டு. சஃபாரி 2023-இல் இரண்டிலும் 5 வாங்கியது. ஸ்கார்பியோ என் 2022-இல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவருக்கு 5, குழந்தைக்கு 3. குடும்ப வண்டிக்கு இரண்டாவது எண்ணை முதலில் பாருங்கள். கடைசி வரிசைக்குப் பார்க்க வேண்டியவை வேறு: தோளுக்குக் குறுக்கே வரும் மூன்று முனை பெல்ட், தலைக்குப் பின்னால் உயர்த்தும் தாங்கி, சன்னலை ஒட்டி மேலிருந்து விரியும் திரை ஏர்பேக் மூன்றாம் சன்னல் வரை நீள்கிறதா என்பது. தலைக்கும் பின்கண்ணாடிக்கும் ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். பின்னால் லாரி முட்டினால் நசுங்குவதற்கு அந்த இடம்தான் இருக்கிறது.

எந்த வீட்டுக்கு எது

நான்கு பேர் குடும்பம், ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் மட்டும் ஏழு பேர் என்றால் எர்டிகா, கேரன்ஸ் அளவு போதும். அதுகூட வேண்டாம், ஐந்து பேர் காரை வைத்துக்கொண்டு அந்த நாள்களில் மஞ்சள் போர்டு இன்னோவா அமர்த்துவது பல வீடுகளுக்கு இன்னும் மலிவு. மாதம் நான்கு தடவை ஆறு ஏழு வளர்ந்தவர்கள் திருச்சிக்கோ மதுரைக்கோ போகிற வீடு என்றால் இன்னோவாவுக்குக் கீழே இறங்க வேண்டாம். ஓட்டுவதில் ஆசை, கடைசி வரிசை பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் எக்ஸ்யூவி 700, சஃபாரி வகை பொருந்தும். தோப்பு, வயல், கல் குவாரிப் பாதை என்று நிஜமாகவே ஓட்டுகிறவருக்குத்தான் ஸ்கார்பியோ என் போன்ற லேடர் ஃபிரேம் வண்டி. ட்ரைபர் விலைக்குச் சரியான வண்டி, ஆனால் ஒரு லிட்டர் எஞ்சின் ஏழு பேரோடு மலை ஏறாமல் திணறும்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

1. நடுப்பகலில் போங்கள். வண்டியை 20 நிமிடம் வெயிலில் நிறுத்தச் சொல்லி, பிறகு ஏசி போட்டுக் கடைசி வரிசையில் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் வியர்வை நிற்க வேண்டும்.

2. ஏழு பேரையும் கூட்டிப் போங்கள். வீட்டில் அதிகம் மூட்டு வலி உள்ளவர் நடுவரிசையில் தானாக ஏறி இறங்கட்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது.

3. உயரமான ஆள் நடுவில் தனக்கு வசதியாக இருக்கையைத் தள்ளிக்கொண்ட பிறகு கடைசி வரிசையில் முழங்கால் இடம் பாருங்கள். விற்பனையாளர் நடுவரிசையை முன்னே இழுத்து வைத்துத்தான் காட்டுவார்.

4. முழு ஆளோடு ஒரு உயரமான வேகத்தடையை நேராக ஏறி இறங்குங்கள். அடி தட்டுகிறதா, இரண்டாம் முறை துள்ளுகிறதா என்று கேளுங்கள்.

5. கடைசி வரிசை விரித்த நிலையில் வீட்டுப் பெட்டியை ஏற்றிப் பின்கதவை மூடிப் பாருங்கள். ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, சாமான் ஏற்றிய பிறகு எடுக்க முடிகிறதா என்பதையும் சேர்த்து.

6. வண்டி எடுக்கும் நாளில் டயர் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 0825 என்றால் 2025-ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். ஸ்டெப்னியிலும் அதைப் பாருங்கள், பழைய டயர் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

7. வீட்டுக்கு வந்ததும் பானெட்டுக்குள் எலி புகும் வழிக்குக் கம்பி வலை பொருத்திவிடுங்கள். பழைய வீட்டுக் கொட்டகையில் முதல் மாதமே ஒயரைக் கடித்துவிடும். உங்கள் காப்பீடு எலிக் கடிக்குப் பணம் தருமா என்பதைப் பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.